உப்புக்காத்துல ஓடுற காருக்கு குட்டி ஈசியு டிசைன் பண்றது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராம்நாடு, கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பழைய கார்புரேட்டர் ஆம்னி, மாருதி 800 வச்சிருக்கவங்க, ஒர்க்‌ஷாப்காரங்க, ஃபார்முலா பாரத் மாதிரி போட்டிக்கு வண்டி கட்டுற காலேஜ் பசங்கன்னு எல்லாரும் ஈசியு, அதாவது இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்ப ஸ்பார்க்னு கணக்கு போடுற குட்டி கம்ப்யூட்டர் பத்தி மாத்தி மாத்தி கேக்குற கேள்விங்க இது, அதனால ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். உதாரணம் எல்லாமே அந்த 796 சிசி மூணு சிலிண்டர் இன்ஜினை வச்சுத்தான் சொல்லிருக்கேன். வெளியூர்க்காரங்க டிசைன் குறிப்புல பெருசா பேசாத ஒண்ணு இதுல திரும்பத் திரும்ப வரும், அது உப்பு. நம்ம கடக்கரையில போர்டை எவ்வளவு சுருக்கலாம்னு முடிவு பண்றதே அதுதான்.

ஈசியு உள்ள அப்படி என்னதான் நடக்குது?

கிராங்க் (பிஸ்டன் சுத்திவிடுற தண்டு) எந்த எடத்துல நிக்குது, எவ்வளவு வேகத்துல சுத்துது, மேனிஃபோல்டுல (சிலிண்டருக்குக் காத்து போற குழாய்) எவ்வளவு அழுத்தம், உள்ள போற காத்து எவ்வளவு சூடு, கூலன்ட் எவ்வளவு சூடு, த்ராட்டில் எவ்வளவு தொறந்திருக்கு, எக்ஸாஸ்ட்ல ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கா, இம்புட்டையும் படிச்சு ரெண்டு முடிவு எடுக்குது. பெட்ரோலைத் தெளிக்குற இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் தொறந்து வைக்கணும், ஸ்பார்க்கை எத்தனை டிகிரி முன்னாடி அடிக்கணும். ஃபேன், ஃபியூல் பம்ப் ரிலே, ஐட்லிங் வால்வு எல்லாம் அதுக்கு அப்புறம்தான். இது ஒண்ணும் நேத்து வந்த விஷயமும் கிடையாது, போஷ் கம்பெனியோட எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் சிஸ்டம் டி-ஜெட்ரானிக் 1967லயே ஃபோக்ஸ்வேகன் 1600ல வந்துருச்சு, இன்ஜெக்‌ஷனையும் இக்னிஷனையும் ஒரே பெட்டியில சேத்த மோட்ரானிக் 1979ல பிஎம்டபிள்யூ 732ஐ கார்ல வந்துச்சு.

அண்ணே, தீப்பெட்டி சைஸ்ல பண்ண முடியுமா?

சிப்பும் ரெகுலேட்டரும் மட்டும்னா தீப்பெட்டிக்குள்ள அடங்கிரும் தம்பி. ஆனா பின்னை எண்ணிப் பாருங்க: இன்ஜெக்டர் மூணு, இக்னிஷன் காயில் மூணு, கிராங்க் சென்சார், கேம் சென்சார், த்ராட்டில், ரெண்டு டெம்பரேச்சர், ஆக்ஸிஜன் சென்சார், சென்சாருக்கு 5 வோல்ட், சென்சார் எர்த், பவர் எர்த் ரெண்டு மூணு, சாவி போட்டா வர்ற 12 வோல்ட், பேட்டரி நேர் லைன், பம்ப் ரிலே, ஃபேன் ரிலே, ஐட்லிங், கேன் பஸ் (ஸ்கேனர் மாதிரி மத்த பெட்டியோட பேசுற வயர் ஜோடி) ரெண்டு. எப்படிச் சுருக்கினாலும் முப்பது பின் கிட்ட வந்து நிக்கும். ரப்பர் சீல் வச்ச கார் கப்ளர் முப்பது பின்னுக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் உங்க பெட்டியோட ஒரு பக்கம், அதுக்குக் கீழ போகவே முடியாது. அப்புறம் சூடு போற வழி, அதுக்கு அப்புறம் டிராக் (போர்டு மேல ஓடுற செம்புக் கோடு) இடைவெளி. இந்த மூணையும் ஒழுங்கா பாத்தா 100 மில்லிமீட்டருக்கு 70 மில்லிமீட்டர் நாலு லேயர் போர்டு ஒண்ணு வரும். அது போதும், டேஷ்போர்டு அடியில எங்க வேணா உக்காந்துக்கும்.

உப்புக்காத்து அவ்வளவு பெரிய பிரச்சனையா? நம்ம வீட்டு டிவியெல்லாம் ஓடத்தான செய்யுது?

டிவி வீட்டுக்குள்ள இருக்கு, தனுஷ்கோடி ரோட்டுல ரெண்டு பக்கமும் கடல் அடிக்க அரிச்சல்முனை வரைக்கும் போயிட்டு வர்றதில்ல. கச்சான் காத்து அடிக்குற மாசத்துல தென்கடல் கொந்தளிக்கும், வாடை வந்தா வடகடல், ஆகமொத்தம் வருஷம் பூரா ஏதோ ஒரு பக்கத்துலேர்ந்து உப்புத் தூவானம் ரோட்டுக்கு வந்துக்கிட்டேதான் இருக்கும். 2025 ஏப்ரல் 6ல தொறந்த பாம்பன் புது ரயில் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, பாலிசிலாக்சேன் பெயின்ட்டுன்னு போட்டுத்தான் கட்டிருக்காங்க.

நடக்குறது இதுதான். சுத்தமான சோடியம் குளோரைடு காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தண்ணியை இழுத்து தானே கரைஞ்சு போயிரும். கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் இருக்கு, அது 33 சதவீதத்துலயே ஈரமாயிரும். அதனால நம்ம பக்கம் போர்டு மேல படிஞ்ச உப்பு பாக்க காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் ஈரமாத்தான் கிடக்கும். அந்த ஈரத்துக்கு ஒரு பக்கம் 12 வோல்ட், இன்னொரு பக்கம் எர்த்து இருந்தா போதும், பிளஸ் பக்கத்து உலோகம் கரைஞ்சு மைனஸ் பக்கம் போயி செடி வேர் மாதிரி வளர ஆரம்பிச்சிரும், ஒரு நாள் ரெண்டையும் தொட்டுரும். வண்டி நிறுத்தி வச்சிருக்கும்போதும் பேட்டரி நேர் லைன்ல 12 வோல்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கு, அதனால ராத்திரி பூரா இந்த வேலை நடக்கும். போர்டு எவ்வளவு குட்டியோ டிராக் அவ்வளவு நெருக்கம், வேர் தாண்ட வேண்டிய தூரம் அவ்வளவு கம்மி. சுருக்கறதும் உப்பும் நேருக்கு நேர் மோதுற எடம் இதுதான்.

அதனால நான் வச்சிருக்க விதிங்க: எப்பவும் கரன்ட் இருக்க பின்னை கப்ளர் ஓரத்துக்குத் தள்ளிட்டு பக்கத்து பின்னை காலியா விட்டுருங்க, அதுக்குப் பக்கத்துல எர்த்தைக் கொண்டுவரவே கூடாது. பிஜிஏ மாதிரி அடியில உருண்டை வச்ச சிப் வேணாம், அடியில ஃப்ளக்ஸ் (சால்டர் பண்ணும்போது போடுற பசை) தங்குறதையும் கழுவ முடியாது, கோட்டிங்கும் (ஈரம் படாம அடிக்குற பாதுகாப்புப் பூச்சு) போகாது, கால் வெளிய தெரியுற எல்க்யூஎஃப்பி போடுங்க. எடம் இருக்க வரைக்கும் டிராக்கை விரிச்சு விடுங்க, 0.15 மில்லிமீட்டர்ல போர்டு கம்பெனி பண்ணித் தருவாங்கங்கறதுக்காக நீங்க அதைப் போடணும்னு இல்ல.

கோட்டிங் எது நல்லது? எபாக்ஸியை ஊத்தி மூடிட்டா வேலை முடிஞ்சுதா?

கோட்டிங் அடிக்குறதுக்கு முன்னாடி கழுவணும், அதைத்தான் முதல்ல சொல்லுவேன். நோ-கிளீன் ஃப்ளக்ஸ்னு டப்பாவுல எழுதியிருக்குன்னு கழுவாம மேல கோட்டிங் அடிச்சா அந்த மிச்சமும் ஈரமும் அடியில மாட்டிக்கிட்டு வெளிய வரவே வராது. ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டு கழுவி, நல்லா சூட்டுல காய வச்சு, அப்புறம் அடிங்க. அக்ரிலிக் ஈசியா அடிக்கலாம், ரிப்பேர் வந்தா சால்வென்ட் வச்சு கரைச்சுக்கலாம், டேஷ்போர்டு உள்ள வைக்குற பெட்டிக்கு அது போதும். பானெட் உள்ள வைக்குறதா இருந்தா சூடு தாங்குற சிலிகான். பாரிலீன் எல்லாத்தையும் விட ஒழுங்கா எல்லா மூலைக்கும் போகும், ஆனா அதை வேக்குவம் சேம்பர்ல ஆவியா படிய வைக்கணும், நம்ம ஒர்க்‌ஷாப் வேலை இல்ல.

எபாக்ஸியை ஊத்துறதுல எனக்கு உடன்பாடு கிடையாது. கெட்டியான எபாக்ஸியும் போர்டும் சூட்டுல ஒரே அளவுக்கு விரியாது, சூடாகி ஆறி சூடாகி ஆறி செராமிக் கெப்பாசிட்டர் விரிசல் விட்டுரும், சால்டர் ஜாயின்ட் பிச்சுக்கும். மூடியே ஆகணும்னா மெத்துனு இருக்க சிலிகான் ஜெல் ஊத்துங்க.

பெட்டியை ஏர்டைட்டா பண்ணிட்டா?

முழுசா அடைச்ச பெட்டி மூச்சு விடும். ஓடி சூடான பெட்டி மேல மழைத்தண்ணி பட்டா உள்ள இருக்க காத்து சுருங்கும், அந்த உறிஞ்சல்ல சீல் ஓரமா தண்ணியை உள்ள இழுத்துக்கும். அதுக்குத்தான் நல்ல கம்பெனி பெட்டியில எல்லாம் சின்னதா வட்டமா பிடிஎஃப்இ மெம்பரேன் ஒண்ணு ஒட்டியிருப்பாங்க, காத்து போகும் வரும், தண்ணி போகாது. அதை விட்டுராதீங்க. இன்னொரு திருட்டு வழி வயர். எங்கயோ ரேடியேட்டர் பக்கம் தோல் கிழிஞ்ச சென்சார் வயர் வழியா உப்புத்தண்ணி உள்ளுக்குள்ளயே ஊர்ந்து கப்ளர் வரைக்கும் வந்துரும், பாத்தா வெளிய எல்லாம் நல்லா இருக்கும், கப்ளர் உள்ள மட்டும் பச்சையா களிம்பு ஏறியிருக்கும். வயரை கீழேருந்து மேல ஏறுற மாதிரி வளைச்சு கொண்டுவாங்க, ஒவ்வொரு பின்னுக்கும் ரப்பர் சீல் போடுங்க, காலி பின்னுக்கு அடைப்பு போடுங்க.

அலுமினிய பெட்டியில ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டா ஸ்க்ரூ பளபளன்னு இருக்கும், அதைச் சுத்தி அலுமினியம் வெள்ளையா பொடிஞ்சு போகும், ரெண்டு வேற உலோகமும் உப்புத்தண்ணியும் சேந்தா அப்படித்தான். நைலான் வாஷர் போட்டு ரெண்டையும் பிரிங்க, இல்லைன்னா பிபிடி பிளாஸ்டிக் பெட்டிக்குப் போங்க.

எந்த சிப் போடலாம்? பெரிய புராசசர் வேணுமா?

6000 ஆர்பிஎம்ல ஒரு சுத்துக்கு 10 மில்லிசெகண்ட், ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 27.8 மைக்ரோசெகண்ட். 16 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற சிப்புக்கே அந்த ஒரு டிகிரிக்குள்ள 444 கிளாக் கிடைக்குது. யார் வேணா எடுத்துப் பண்ணிக்கலாம்னு தொறந்து விட்ட ஈசியு டிசைன் ஸ்பீடுயினோ ப்ராஜெக்ட், அது ஆர்டுயினோ மெகாவுல இருக்க அதே 16 மெகாஹெர்ட்ஸ் சிப்புல ஆரம்பிச்சு ஓடுனதுதான். ஆனா இன்னைக்கு புதுசா பண்றவங்க எஸ்டிஎம்32எஃப்4 குடும்பத்துக்குப் போங்க, அதே மாதிரி இன்னொரு ப்ராஜெக்டான ரஸ்இஎஃப்ஐ அதுலதான் வளந்துச்சு, 168 மெகாஹெர்ட்ஸ், டைமர் நிறைய, கேன் உள்ளயே இருக்கு. சிப் வேகத்தை விட டைமர்தான் முக்கியம்: கிராங்க் வீல்ல இருக்க பல் சென்சாரைத் தாண்டுன நேரத்தை ஹார்டுவேரே பிடிச்சு வைக்கணும், இன்ஜெக்டரை ஹார்டுவேரே தொறந்து மூடணும். சாஃப்ட்வேர் வேற வேலையில இருந்தா டைமிங் ஆடிப்போகும்.

வாங்கும்போது ஏஇசி-க்யூ100 (கார் சிப்புக்கான தர டெஸ்ட்) கிரேடு பாருங்க. கிரேடு 1ன்னா 125 டிகிரி வரைக்கும், கிரேடு 2ன்னா 105, கிரேடு 3ன்னா 85.

பவர் சப்ளைக்கு ஒரு 7805 (5 வோல்ட் தர்ற பழைய லீனியர் ரெகுலேட்டர்) போதாதா?

போதாது தம்பி, இங்கதான் நிறைய போர்டு சாகுது. கார் பேட்டரி 12 வோல்ட்னு சொல்றது பேருக்குத்தான். செல்ஃப் அடிக்கும்போது 6 வோல்ட்டுக்கு இறங்கும், அப்ப சிப் ரீசெட் ஆச்சுன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஓடும்போது 14. யாராவது லாரியிலேருந்து ஜம்ப் கொடுத்தா 24. பேட்டரியை மாத்திப் போட்டா மைனஸ் 14. இதெல்லாம் கூட பரவாயில்ல, லோட் டம்ப்னு ஒண்ணு இருக்கு: ஆல்டர்னேட்டர் நல்லா சார்ஜ் பண்ணிக்கிட்டு இருக்கும்போது பேட்டரி டெர்மினல் கழண்டா, போக எடமில்லாத அந்த கரன்ட் லைன்ல வோல்ட்டேஜை ஏத்திவிட்டுரும். ஆல்டர்னேட்டர் உள்ளயே தடுப்பு இருந்தா 35 வோல்ட் அளவு, தடுப்பு இல்லைன்னா ஐஎஸ்ஓ 16750-2ங்கற கார் எலக்ட்ரிக்கல் டெஸ்ட் விதிப்படி 79லேருந்து 101 வோல்ட் வரைக்கும்.

மத்த ஊர்ல டெர்மினல் கழர்றது எப்பவாவது நடக்கும். நம்ம பக்கம் டெர்மினல்ல களிம்பு ஏறி உள்ளுக்குள்ள கான்டாக்ட் விட்டு விட்டு பிடிக்கும், அதனால லோட் டம்பை அரிதா வர்றதுன்னு நெனைக்காதீங்க, வரும்னே வச்சுக்கிட்டு டிசைன் பண்ணுங்க. உள்ள வர்ற எடத்துல திடீர்னு ஏறுற வோல்ட்டேஜை அடக்க பெரிய டிவிஎஸ் டையோடு, பேட்டரியை மாத்திப் போட்டா தடுக்க ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற டிரான்சிஸ்டர்), அதுக்கு அப்புறம் 40 வோல்ட்டுக்கு மேல தாங்குற, அதிகம் சூடாகாம வோல்ட்டேஜை இறக்குற பக் ரெகுலேட்டர். லீனியர் ரெகுலேட்டர் போட்டா 14லேருந்து 5க்கு இறக்க 9 வோல்ட், 150 மில்லியாம்ப் இழுத்தாலே 1.35 வாட் சூடு, அந்த சூட்டை அடைச்ச குட்டிப் பெட்டிக்குள்ள எங்க கொண்டு போவீங்க? பக்கத்துல எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இருந்தா 10 டிகிரி ஏற ஏற அதோட ஆயுசு பாதியா குறையும்.

கிராங்க் சென்சார் எது வைக்கலாம்?

டிஸ்ட்ரிபியூட்டர் வச்ச இன்ஜின்ல கிராங்க் புல்லில 36-1 பல்லு வீல் ஒண்ணை வெட்டி மாட்டணும், 36 பல்லுக்கு எடம், அதுல ஒண்ணு இல்ல, அந்த ஓட்டையை வச்சுத்தான் ஈசியு எடத்தைக் கண்டுபிடிக்குது. எந்த வேகத்துலயும் ஒரே மாதிரி சிக்னல் தர்ற ஹால் சென்சார் போடுங்க. காந்தமும் காயிலும் வச்ச விஆர் சென்சார் வேகத்துக்கு ஏத்த மாதிரி வோல்ட்டேஜ் தரும், செல்ஃப் அடிக்கும்போது ஒரு வோல்ட் கூட வராது, ஓடும்போது பத்து பத்தா ஏறும், அதுக்கு மேக்ஸ்9926 மாதிரி தனி சிப் வேணும். வீலுக்கு ஜிங்க் பிளேட்டிங் கட்டாயம். துருப்பிடிச்சு பொருக்கு உதிர்ற வீல்ல பல் எது பொருக்கு எதுன்னு சென்சாருக்கு தெரியாது, மேட்டுல ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும், கார்காரர் பிளக்கை மாத்திக்கிட்டே இருப்பார்.

பெட்ரோல் கணக்கை ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்

ஒரு சிலிண்டர் 265 சிசி. மேனிஃபோல்டுல 100 கிலோபாஸ்கல், காத்து 40 டிகிரி சூடுன்னா ஒரு கன மீட்டர் காத்து 1.11 கிலோ எடை. அப்ப சிலிண்டர் முழுசா ரொம்புனா 0.295 கிராம், ஆனா 80 சதவீதம்தான் ரொம்பும்னு வச்சா 0.236 கிராம். ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.7 கிராம் காத்து வேணும், அதனால 14.7ஆல வகுத்தா 16 மில்லிகிராம் பெட்ரோல். நிமிஷத்துக்கு 150 சிசி ஊத்துற இன்ஜெக்டர் ஒரு மில்லிசெகண்டுக்கு 1.85 மில்லிகிராம் தரும், ஆக 8.7 மில்லிசெகண்ட். இன்ஜெக்டர் கரன்ட் கொடுத்ததும் தொறக்காது, கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட் எடுத்துக்கும், அதையும் சேத்தா 9.7. 6000 ஆர்பிஎம்ல ஒரு முழு சைக்கிளுக்கு 20 மில்லிசெகண்ட் இருக்கு, அதனால இந்த இன்ஜெக்டர் தாராளமா போதும். ஐட்லிங்ல 35 கிலோபாஸ்கல், ரொம்புறது 60 சதவீதம்னு போட்டா ரெண்டேகால் மில்லிசெகண்ட்தான் வரும், அதுக்கு மேல சேர்ற அந்த ஒரு மில்லிசெகண்ட் தாமதம் எவ்வளவு பெரிய பங்குன்னு பாருங்க. பேட்டரி வோல்ட்டேஜ் குறைஞ்சா அந்த தாமதம் கூடும், ராத்திரி ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டதும் ஐட்லிங் ஆடுற வண்டியில முதல்ல வோல்ட்டேஜுக்கு ஏத்த தாமதத்தை எழுதி வச்ச டேபிளைத்தான் பாக்கணும்.

இப்ப வர்ற ஈ20 பெட்ரோலுக்கும் கொடைக்கானல் மலைக்கும் தனியா ஏதாவது பண்ணணுமா?

ஈ20ன்னா 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுக்கு சரியான காத்து-பெட்ரோல் விகிதம் 13.5 கிட்ட, அதாவது எட்டு ஒன்பது சதவீதம் கூட ஊத்தணும். ஆக்ஸிஜன் சென்சார் வேலை செஞ்சா ஓடும்போது தானே சரி பண்ணிக்கும், ஆனா சென்சார் சூடாகாத முதல் நிமிஷத்துல பண்ணாது, அதனால அடிப்படை பெட்ரோல் டேபிளையே ஈ20க்கு போடுங்க. மலைக்கு, சாவி போட்டதும் செல்ஃப் அடிக்குறதுக்கு முன்னாடி மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்குற மேப் சென்சாரை ஒரு தடவை படிச்சு வச்சுக்கிட்டா அதுதான் வெளிக்காத்து அழுத்தம். நம்ம ஊர்ல 101 கிலோபாஸ்கல், கொடைக்கானல்ல 78 சுமார்.

இன்ஜெக்டர், காயில் ஓட்டுற எடத்துல என்ன கவனிக்கணும்?

12லேருந்து 16 ஓம் இருக்க இன்ஜெக்டர்னா ஒரு ஆம்ப்தான் இழுக்கும், எர்த் பக்கத்தை சுவிட்ச் பண்ற லோ-சைடு மாஸ்ஃபெட் ஒண்ணு போதும். 2, 3 ஓம் பழைய இன்ஜெக்டர் வேணாம், அதுக்கு மொதல்ல நிறைய கரன்ட் கொடுத்து தொறந்துட்டு அப்புறம் குறைக்குற பீக் அண்ட் ஹோல்டு சர்க்யூட் வேணும், எடமும் சூடும் கூடும். ஆஃப் பண்ணும்போது இன்ஜெக்டர் உள்ள இருக்க காயில் வோல்ட்டேஜை உதைக்குமேன்னு சும்மா ஒரு டையோடை குறுக்கால போட்டா மாஸ்ஃபெட் தப்பிக்கும், ஆனா இன்ஜெக்டர் மெதுவா மூடும், கணக்கு போட்ட பெட்ரோலை விட கூட ஊத்தும். வோல்ட்டேஜை அம்பது அறுபது வரைக்கும் ஏற விட்டு கிளாம்ப் பண்ற மாஸ்ஃபெட் போடுங்க.

இக்னிஷனுக்கு இக்னைட்டர் (காயிலை ஓட்டுற சுவிட்ச் சர்க்யூட்) உள்ளயே இருக்க காயிலை வாங்குங்க. அந்த சுவிட்ச் வேலையைச் செய்யுற ஐஜிபிடி டிரான்சிஸ்டரை ஈசியு உள்ள வச்சா 400 வோல்ட் போர்டுக்குள்ள வரும், கோட்டிங் இல்லாத வெளி லேயர்ல அதுக்கு 2.5 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லி போர்டு டிசைன் விதி ஐபிசி-2221 சொல்லுது. குட்டி போர்டுல அந்த எடம் கிடைக்காது, அதுவும் உப்புக்காத்துல அந்த 400 வோல்ட்டை வெளியவே விட்டுர்றதுதான் நல்லது. கேம் சென்சார் இல்லைன்னாலும் மூணு காயிலையும் ஒவ்வொரு சுத்துக்கும் அடிச்சு ஓட்டலாம், ஒரு ஸ்பார்க் வீணாப்போகும், அவ்வளவுதான்.

எர்த் எங்க கொடுக்கணும்?

சென்சார் எர்த் எல்லாம் ஈசியுவுக்கே திரும்பி வரணும், பாடியில கொடுக்கவே கூடாது. பாடி எர்த் போல்ட்டுல துரு ஏறினா அரை வோல்ட் சாதாரணமா விழும், 5 வோல்ட் சென்சார்ல அரை வோல்ட்னா பத்து சதவீதம், த்ராட்டில் மிதிக்காமலே மிதிச்ச மாதிரி காட்டும். பவர் எர்த் ரெண்டு வயரா இன்ஜின் பிளாக்குக்கே போகட்டும். ரெண்டும் போர்டுல ஒரே எடத்துல சேந்தா போதும்.

நாக் சென்சார் வேணுமா?

பெட்ரோல் தப்பா வெடிச்சு இன்ஜின் தட்டுற சத்தத்தைக் கேக்குற சென்சார் அது, இந்த இன்ஜினுக்கு ஆரம்பத்துல வேணாம். வைக்கணும்னு நெனச்சா 68.5 மில்லிமீட்டர் போருக்கு 8.4 கிலோஹெர்ட்ஸ் கிட்ட நாக்கிங் சத்தம் வரும், ஃபில்டரை அங்க வைங்க.

ஸ்கேனர் மாட்டிப் பாக்க முடியுமா?

கேன் பஸ்ஸை ஓபிடி சாக்கெட்டோட (ஸ்கேனர் சொருகுற எடம்) 6, 14ஆம் பின்னுக்குக் கொண்டுபோங்க. ரெண்டு முனையிலயும் 120 ஓம், பேட்டரியைக் கழட்டிட்டு மீட்டர் வச்சா 60 ஓம் காட்டணும், 120 காட்டுனா ஒரு பக்கம் விட்டுருச்சுன்னு அர்த்தம்.

புது பிஎஸ்6 வண்டிக்கு இதைப் போடலாமா? எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிக்கு?

ரெண்டுக்கும் வேணாம். 2020 ஏப்ரல் 1லேருந்து வர்ற பிஎஸ்6 வண்டியில புகைக் கட்டுப்பாடும் ஓபிடியும் ஈசியுவோட ஒட்டிக்கிடக்கு, அதைக் கழட்டுனா காத்தையும் கெடுக்கும், சட்டத்துக்கும் ஆகாது. எலக்ட்ரானிக் த்ராட்டில்ல பெடலுக்கு ரெண்டு சென்சார், த்ராட்டிலுக்கு ரெண்டு சென்சார், ஒண்ணை ஒண்ணு சரிபாக்க தனி மானிட்டர்னு வச்சிருக்காங்க, அது உயிர் சம்பந்தப்பட்டது. கேபிள் த்ராட்டில் வண்டியோட நில்லுங்க. பழைய வண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52ஆம் பிரிவு இருக்கு, ஆர்சி புக்குல இருக்க விவரம் மாறுற மாதிரி எதையும் மாத்தக்கூடாது, ரோட்டுல ஓட்டுறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்குங்க. எந்த வண்டியா இருந்தாலும் கிராங்க் சிக்னல் நின்னா பெட்ரோல் பம்ப் உடனே நிக்கணும், இதுல மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது, வண்டி மோதி நிக்கும்போது பம்ப் ஓடிக்கிட்டு இருந்தா தீப்பிடிக்கும்.

வல்லத்து (மீன்பிடிப் படகு) டீசல் இன்ஜினுக்கு?

அதுல மெக்கானிக்கல் பம்ப் இருக்கு, கரன்ட்டே இல்லாம ஓடும், நடுக்கடல்ல அதுதான் பாதுகாப்பு. அதுல கை வைக்காதீங்க.

வண்டியில மாட்டுறதுக்கு முன்னாடி எப்படி டெஸ்ட் பண்றது?

மொதல்ல டேபிள் மேல. ஒரு ஆர்டுயினோவை வச்சு 36-1 சிக்னலை உண்டாக்கி கொடுங்க, இன்ஜெக்டருக்குப் பதிலா எல்இடி, ஆர்பிஎம்மை ஏத்தி இறக்கி, நடுவுல ஒரு பல்லை வேணும்னே விட்டு, வோல்ட்டேஜை 6க்கு இறக்கி, ரீசெட் ஆகுதா பாருங்க. அப்புறம் நிஜ இன்ஜெக்டர், நிஜ காயில், பெட்ரோல் இல்லாம. வண்டியில மாட்டுனதும் ஃபியூல் பம்ப் ஃபியூஸைக் கழட்டிட்டு செல்ஃப் அடிச்சு டைமிங் லைட்டுல டிகிரி சரியா விழுதான்னு பாத்துட்டு அதுக்கு அப்புறம்தான் பெட்ரோல்.

உப்புக்கு லேப்ல ஐஎஸ்ஓ 9227 டெஸ்ட் இருக்கு, 5 சதவீத உப்புத்தண்ணியை 35 டிகிரியில தெளிப்பாங்க. அதுக்கு வசதி இல்லாதவங்க கடலை ஒட்டின வீட்டு மொட்டைமாடியில, மழை நேரா படாத எடத்துல, பேட்டரி லைன்ல 12 வோல்ட் கொடுத்தபடியே போர்டைத் தொங்க விடுங்க. கரன்ட் கொடுக்காம தொங்க விட்டா ஒண்ணும் தெரியாது, அந்த வேர் வளர வோல்ட்டேஜ் வேணும். கோட்டிங் அடிச்சது ஒண்ணு, அடிக்காதது ஒண்ணுன்னு ரெண்டு போர்டு தொங்கட்டும். நிறுத்தி வச்சிருக்கும்போது எத்தனை மைக்ரோஆம்ப் இழுக்குதுன்னு வாரா வாரம் அளந்து எழுதுங்க, கண்ணுக்கு எதுவும் தெரியுறதுக்கு முன்னாடியே அந்த நம்பர் ஏற ஆரம்பிச்சிரும். ஏறுன போர்டை கப்ளர் பக்கத்துலேருந்து லென்ஸ் வச்சு பாருங்க, பெரும்பாலும் பேட்டரி பின் பக்கத்துலதான் ஆரம்பிச்சிருக்கும்.